சுப்ரா எஞ்சினிலிருந்து 1000 குதிரைத்திறன் எப்படி வருகிறது?

1993-ல் வந்த நான்காம் தலைமுறை டொயோட்டா சுப்ராவின் டர்போ மாடலில் இருப்பது 2ஜேஇசட்-ஜிடிஇ என்ற 3 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். ஜப்பானில் அதன் சக்தி காகிதத்தில் 280 பிஎஸ்தான் (பிஎஸ் என்பது மெட்ரிக் குதிரைத்திறன்). அங்கே கார் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட வரம்பு அது. அமெரிக்காவுக்குப் போனது 320 குதிரைத்திறன். அதே எஞ்சினை மாற்றியமைப்பவர்கள் அதில் 1000 எடுக்கிறார்கள்.

எல்லாம் காற்றிலிருந்துதான். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம், எரிக்கக் காற்று வேண்டுமே, ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று. எஞ்சின் தானாக உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு. டர்போ என்ன செய்கிறதென்றால், சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 1 பார், அதாவது ஏறக்குறைய இன்னொரு வளிமண்டல அழுத்தம், தள்ளினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்று. கம்பெனி வைத்தது இரண்டு சின்ன டர்போ. ஒன்று முதலில், அடுத்தது சுமார் 4000 ஆர்பிஎம்மில் சேர்ந்துகொள்ளும். பெரிய சக்தி வேண்டுமென்றால் இரண்டையும் கழற்றிவிட்டு ஒரே பெரிய டர்போ.

சரி, சிக்கல் எங்கே? அமுக்கினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்த கையோடு பம்ப்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். அந்தச் சூட்டோடு அழுத்தமும் ஏறினால், ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி முடிவதற்குள் ஓரத்தில் காத்திருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். இதுதான் நாக்கிங். பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய அலுமினிய விளிம்பு முதலில் உடையும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அது பிஸ்டனிலிருந்து பெயர்ந்த உலோகம்!

அதனால்தான் அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர், எஞ்சினின் கணினியான இசியுவில் தீப்பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் ட்யூனிங், அப்புறம் 85 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ85 எரிபொருள். அதில் உள்ள எத்தனால் ஆவியாகும்போது வெப்பத்தை நிறைய இழுத்துக்கொள்ளும், லேசில் நாக் ஆகாது. ஆனால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும் என்பதால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் மாறும்.

இவ்வளவு அடியையும் தாங்குவது, சிலிண்டர்கள் அமைந்திருக்கும் அந்த வார்ப்பிரும்பு பிளாக். சிலிண்டர்களின் மேல்விளிம்பு சுற்றிலும் பிளாக்கோடு மூடிய அமைப்பாக இருப்பதால் சுவர்கள் அசையாது. ஃபோர்ஜ் செய்த, அதாவது அடித்து உருவாக்கிய கிராங்கை (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) ஏழு பேரிங்குகள் பிடித்திருக்கின்றன, பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஜெட் வேறு. உள்ளே எதையும் மாற்றாமல் 600-ஐத் தாண்டியவர்கள் நிறைய. 1000 என்றால் ஃபோர்ஜ் பிஸ்டன், கனெக்டிங் ராடு, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் தூக்காமல் பிடிக்கும் வலுவான ஸ்டட் எல்லாம் கட்டாயம்.

என்னைக் கேட்டால் ரோட்டுக்கு 500 தாராளம். ராட்சத டர்போ 4500 ஆர்பிஎம் வரை தூங்கும், விழித்ததும் பின்சக்கரம் வழுக்கும், ஊருக்குள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதோடு, வண்டிகளுக்கு இப்போது இருபது முப்பது வயது. டர்போவுக்கு ஆர்டர் போடும்முன், சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜை மாட்டி ஆறு சிலிண்டரையும் பாருங்கள். ஒன்றில் மட்டும் அழுத்தம் இறங்கியிருந்தால் முதல் செலவு அங்கேதான்.