புழுக்கத்துக்குக் கொடுக்கும் காசு

எங்கள் கல்லூரி நூலகத்தின் பின்சுவரில் ஏசியிலிருந்து வரும் பிவிசி குழாய் ஒன்று தொங்கும். அதற்கடியில் யாரோ ஒரு பழைய பெயின்ட் வாளியை வைத்திருந்தார்கள். 20 லிட்டர் பிடிக்கும். போன ஜூன் மாதம் ஒருநாள் மதியம் சாப்பிடப் போகும்போது அது காலியாக இருந்தது. கடைசி வகுப்பை முடித்துவிட்டு அதே வழியாகத் திரும்பினால், வாளி நிரம்பித் தரையெல்லாம் ஈரம். அன்று மழையும் இல்லை, குழாயில் கசிவும் இல்லை. நூலகத்துக்குள் இருந்த காற்றிலிருந்து ஏசி பிழிந்தெடுத்த தண்ணீர் அது.

அன்றிலிருந்து கல்லூரியின் கரன்ட் பில்லை நான் அந்த வாளியை வைத்துத்தான் பார்க்கிறேன். வெயிலை விரட்டத்தான் ஏசிக்குச் செலவு செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சென்னையில் புழுக்கத்தை விரட்டவும் பெரிய செலவாகிறது.

கணக்கு எளிதானதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,450 கிலோஜூல் வெப்பத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது. பள்ளிப் புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதுதான். அந்த நீராவி மறுபடி தண்ணீராக மாற வேண்டுமானால், வாங்கிய வெப்பம் அத்தனையையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த காயிலில் (வளைந்து வளைந்து ஓடும் குழாயில்) காற்று படும்போது இதுதான் நடக்கிறது. நீராவி காயிலில் துளியாகப் படிகிறது, அது விட்ட வெப்பத்தை ஏசி சுமந்துபோய் வெளியே கொட்டுகிறது. ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல் என்பதால், 2,450 கிலோஜூல் என்பது 0.68 யூனிட். நல்ல ஏசி ஒரு யூனிட் மின்சாரத்தை வைத்துக்கொண்டு மூன்று, மூன்றரை யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளும். அப்படியானால் ஒரு லிட்டருக்கு 0.2 யூனிட், ஒரு வாளிக்கு 4 யூனிட். 20 வாட் எல்இடி டியூப் லைட் ஒன்றை 200 மணி நேரம் எரிக்கப் போதுமான மின்சாரம் அந்தப் பெயின்ட் வாளியில் கிடந்தது.

சரி, இவ்வளவு தண்ணீர் நூலகத்துக்குள் எப்படி வந்தது?

வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கடற்காற்று வீசத் தொடங்கிய ஒரு சாதாரணச் சென்னை மதியம். அந்தக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். உள்ளே 24 டிகிரி, 55 சதவீதம் என்றால் 12 கிராம்தான் இருக்கும். கதவு திறந்து ஒரு கனமீட்டர் வெளிக்காற்று உள்ளே வந்தால் கூடுதலாக 11 கிராம் தண்ணீர் வருகிறது. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், மூன்று மீட்டர் உயரம் உள்ள அறையில் 300 கனமீட்டர் காற்று இருக்கும். அது ஒரு தடவை முழுசாக மாறினால் 3.3 லிட்டர்.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த கணக்கு இன்னொன்று. அந்த 300 கனமீட்டர் காற்றை 33-லிருந்து 24 டிகிரிக்கு இறக்க சுமார் 0.85 யூனிட் வெப்பத்தை எடுக்க வேண்டும். அதிலிருக்கும் கூடுதல் ஈரத்தை எடுக்க 2.25 யூனிட். ஈரத்தை விரட்டும் வேலை, சூட்டைக் குறைக்கும் வேலையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்! ரிமோட்டில் தெரிவது டிகிரி மட்டும்தான் என்பதால் இந்தப் பெரிய வேலை யார் கண்ணிலும் படுவதில்லை.

வெளிக்காற்று மட்டும் காரணமில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலும் மணிக்கு 50 கிராமுக்கு மேல் நீராவி விடுகிறார். 60 பேர் உள்ள வகுப்பில் அதுவே மூன்று லிட்டர். காலையில் ஏசி அறையை ஈர மாப்பால் துடைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினால், தரையில் காய்வதெல்லாம் கடைசியில் வாளிக்குத்தான் போகிறது. துடைத்துவிட்டு அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்து, ஃபேனை ஓடவிட்டு, தரை காய்ந்த பிறகு ஏசி போடுவது நல்லது. சின்ன விஷயம்தான், ஆனால் காசு செலவில்லாதது.

இங்கே நிறைய கல்லூரிகளில் நடக்கும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். கருத்தரங்கு அறை குளிரவில்லை என்று புகார் வந்தால் உடனே பெரிய ஏசியாகப் பார்த்து வாங்கி மாட்டிவிடுவார்கள். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏசி பத்து நிமிடத்தில் 24 டிகிரியைத் தொட்டுவிடும், கம்ப்ரஸர் நின்றுவிடும். காயில் குளிர்ச்சியாக இருக்கும் நேரத்தில்தான் ஈரம் படியும். கம்ப்ரஸர் நின்ற பிறகும் ஏசியின் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால், காயிலில் படிந்திருக்கும் துளிகள் ஆவியாகி மறுபடி அறைக்கே திரும்பும். அறை குளிராக இருக்கும், சட்டை உடம்போடு ஒட்டும். உட்கார்ந்திருப்பவர் 20-க்குக் குறைப்பார். 24-ஐ இயல்பு நிலையாக வைத்துத்தான் ஏசிகளை விற்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் (BEE) சொல்லும் கணக்கு. ஆனால் சட்டை ஒட்டும் அறையில் உட்கார்ந்திருப்பவரிடம் இந்தக் கணக்கு எடுபடாது. முதலில் ஈரம் போக வேண்டும்.

இப்போது ஃபேனுக்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகன் ஃபேன்தான்.

ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. தோலின் மேல் ஒட்டி நிற்கும் ஈரக் காற்றைத் தள்ளிவிட்டுப் புதுக் காற்றைக் கொண்டுவருகிறது, வியர்வை வேகமாக ஆவியாகிறது. மணிக்கு 100 மில்லி வியர்வை ஆவியானால் உடலிலிருந்து 68 வாட் வெப்பம் போய்விடும். ஏசியில் நாம் காசு கொடுத்து வெளியேற்றுகிறோமே, அதே உள்ளுறை வெப்பம் இங்கே நமக்கு இனாமாக வேலை செய்கிறது. டெல்லிப் பக்கம் தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும் கூலர் வைத்துச் சமாளிப்பார்கள், அங்கே கோடைக் காற்று காய்ந்து கிடப்பதால் அது எடுபடும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் கூலர் புழுக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். நமக்கு வாய்த்தது ஃபேன்தான்.

எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஹாஸ்டலில் ஒரு பழைய ஃபேனை இறக்கும்போது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். "சார், மோட்டாரைத் தொட்டுப் பாருங்க" என்றார். அணைத்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. உள்ளங்கையை வைத்து எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு சூடு. "இந்தச் சூட்டுக்கும் சேர்த்துத்தாண்ணே பில் கட்டுறோம்" என்றேன். "ராத்திரி பூரா இதுக்குக் கீழேதான் பசங்க படுத்திருக்காங்க சார்" என்றார்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? பழைய ஃபேன் 70, 75 வாட் இழுக்கும். அதற்குள் இருப்பது இன்டக்ஷன் மோட்டார். நடுவில் செப்புக் கம்பிச் சுருள்கள், அவற்றைச் சுற்றி ஓடும் வெளிக்கூட்டில் அலுமினியக் கம்பிகள். சுருளில் ஓடும் மின்சாரம் ஒரு காந்தப் புலத்தைச் சுழல வைக்கிறது. சுழலும் புலம் அலுமினியக் கம்பிகளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது, அந்த மின்சாரம் கூட்டை ஒரு காந்தமாக்குகிறது, புலத்தைத் துரத்திக்கொண்டு கூடு சுற்றுகிறது. கூட்டைக் காந்தமாக்குவதற்கே மின்சாரம் செலவாவதுதான் இதன் குறை. கம்பிகளில் ஓடும் மின்சாரம் அவற்றைச் சூடாக்குகிறது. ஃபேன் இழுக்கும் சக்தியில் பாதிக்கு மேல் காற்றைத் தள்ளப் பயன்படாமலே மோட்டாருக்குள் சூடாகிப் போகிறது.

பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேனில் வெளிக்கூட்டில் நிரந்தரக் காந்தங்களை ஒட்டியிருப்பார்கள். அவை காந்தமாக இருக்க மின்சாரம் தேவையில்லை. உள்ளே இருக்கும் சின்ன மின்னணுப் பலகை, வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை (இதற்கும் ஏசி என்றுதான் பெயர்) முதலில் ஒரே திசையில் ஓடும் டிசியாக மாற்றுகிறது. பிறகு காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, சரியான நேரத்தில் சரியான சுருளுக்கு மின்சாரத்தை விடுகிறது. ஊஞ்சலில் குழந்தையைத் தள்ளுவது போல. பின்னால் வந்து திரும்பும் அந்தக் கணத்தில் தள்ளினால் ஒரு விரல் போதும். அதே காற்றுக்கு இது சுமார் 30 வாட்தான் இழுக்கும். வேகத்தைக் குறைக்கும்போது லாபம் இன்னும் கூடும். காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். அதாவது வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே சக்தி பாதியாகிவிடும். பழைய பெட்டி ரெகுலேட்டர் இந்த மிச்சத்தின் ஒரு பகுதியைத் தன் மின்தடைக் கம்பியில் சூடாக்கித் தின்றுவிடும். பிஎல்டிசியில் அது இல்லை.

1,000 அறை உள்ள ஹாஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேன் ஒன்றுக்கு 45 வாட் மிச்சம், நாளுக்கு 16 மணி நேரம். மொத்தம் நாளுக்கு 720 யூனிட். வருஷத்தில் 300 நாள் என்றால் 2 லட்சத்து 16 ஆயிரம் யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று போட்டால் 15 லட்சம். ஃபேன் ஒன்று 3,000 ரூபாய் என்றாலும் போட்ட 30 லட்சம் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடும். இதை சோலாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னையில் 1 கிலோவாட் சோலார் பேனல் நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். 720 யூனிட்டை சோலாரில் எடுக்க 180 கிலோவாட் பேனல் போட வேண்டும், செலவும் 30 லட்சத்தோடு நிற்காது. சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மொட்டை மாடியில் பேனலைப் போட்டுப் படம் எடுத்து மாட்டும் கல்லூரி, ஹாஸ்டலுக்குள் சூடாகச் சுற்றும் மோட்டார்களையும் ஒருமுறை ஏறிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

சோலாரும் பிஎல்டிசியும் சேரும் இடத்தில் அழகான ஒரு யோசனை இருக்கிறது, அது பிறந்ததும் சென்னையில்தான். சோலார் பேனல் தருவது டிசி. பேட்டரியில் நிற்பது டிசி. எல்இடி விளக்கும் பிஎல்டிசி ஃபேனும் உள்ளுக்குள் டிசியில்தான் ஓடுகின்றன. நடுவில் இன்வெர்ட்டர் வைத்து ஏசி மின்சாரமாக்கி, ஒவ்வொரு கருவிக்குள்ளும் மறுபடி டிசியாக்குகிறோம். மாற்றும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வீணாகிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, இன்வெர்ட்டரே இல்லாமல் 48 வோல்ட் டிசியில் ஃபேனையும் விளக்கையும் ஓட்டும் முறையை உருவாக்கியது. கரன்ட் எட்டாத ராஜஸ்தான் கிராம வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. கல்லூரி ஹாஸ்டலுக்கும் அது ஒத்துவரும். புதிதாகக் கட்டும் கட்டடமாக இருந்தால் வயரிங் போடும்போதே யோசித்துவிட வேண்டும், கட்டி முடித்த பிறகு சுவரை உடைத்துச் செய்வது கட்டுப்படியாகாது.

மேல்மாடி அறைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கத்திரி வெயில் நாளில் இரவு ஒன்பது மணிக்கு ஹாஸ்டல் மேல்மாடியில் கட்டிலில் ஏறி நின்று கூரையைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும். உச்சி வெயிலில் ஒரு சதுரமீட்டர் கூரையில் ஆயிரம் வாட் அளவுக்கு வெயில் கொட்டுகிறது. வெறும் கான்கிரீட் அதில் பெரும்பகுதியை உறிஞ்சி, மெதுவாக உள்ளே கடத்தி, பசங்கள் படுக்கும் நேரத்தில் கீழே விடுகிறது. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கூரை பெரும்பகுதி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் தூசியும் பாசியும் படிந்தால் வெள்ளை போய்விடும், வருஷா வருஷம் மார்கழி தாண்டி மழை ஓய்ந்த பிறகு அடிக்க வேண்டும். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் 1870-களில் எழுந்தபோது ஃபேனும் கிடையாது, ஏசியும் கிடையாது. உயர்ந்த கூரையும் தடித்த சுவரும் கடற்காற்றும்தான் அந்த வேலையைச் செய்தன.

குளிர்ச்சியைச் சேமித்து வைக்கவும் முடியும். சென்னை ஐஐடியின் ஆராய்ச்சிப் பூங்காவில் குளிர்ந்த நீரைத் தொட்டியில் தேக்கி வைக்கும் முறை இருக்கிறது. மின்சாரம் தாராளமாக இருக்கும் நேரத்தில் தண்ணீரைக் குளிர்வித்து வைத்துக்கொண்டு, ஊரே இழுக்கும் நேரத்தில் அந்தத் தண்ணீரைக் கட்டடத்துக்குள் சுற்றவிடலாம். லட்சம் லிட்டர் தண்ணீரை 8 டிகிரி குளிர்வித்தால் 900 யூனிட்டுக்கு மேல் வெப்பத்தை வாங்கிக்கொள்ள அது தயாராக நிற்கும். பேட்டரி தேய்வதுபோல் தண்ணீர் தேயாது.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. சென்னைக்கு அருகே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் ஆகிறது. ஹாஸ்டலில் ஒழுகும் குழாயைச் சரிசெய்வதும் மின்சாரச் சிக்கனம்தான். ஏசி வாளித் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட கிடையாது. காயிலின் தூசியும் கிருமியும் கலந்திருக்கும் என்பதால் குடிக்கக் கூடாது, செடிக்கும் கழிப்பறைக்கும் தாராளமாகப் போகும்.

நூலக விஷயத்துக்கு வருகிறேன். வாளியை வைத்து இரண்டு மாணவர்கள் ஒரு வாரம் நேரம் குறித்தார்கள். வாளி நிரம்ப ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. வாசலில் நின்று பார்த்ததில் காரணம் தெரிந்தது. பை வைக்கும் அலமாரி கதவுக்கு வெளியே இருந்ததால், ஆள் போய்வரும்போதெல்லாம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றார்கள். அலமாரியை உள்ளே தள்ளி, கதவு தானாக மூடிக்கொள்ள ஒரு டோர் க்ளோசர் மாட்டினோம். கதவுக்கு அடியிலிருந்த இடைவெளிக்கு ஒரு ரப்பர் பட்டை ஒட்டினோம். அடுத்த வாரம் மறுபடி நேரம் குறித்தார்கள். வெளியே அதே புழுக்கம், ஏசியில் அதே 25 டிகிரி, மேலே ஃபேன் இரண்டாம் நம்பரில். இந்தத் தடவை வாளி நிறைய இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. பின்சுவர் ஓரமாக ஒரு வேப்பங்கன்று வைத்திருக்கிறார்கள், தண்ணீர் இப்போது அதற்குப் போகிறது.