உடன்படிக்கையை முதலில் மீறியது யார்? விண்மீன்களிடையே அரசதந்திரமும் ஒளியின் வேகமும்

அறிவியல் புனைவுத் தொடர்களைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி நன்கு பழகியது. நீண்ட மேசையின் ஒரு பக்கத்தில் மனிதரின் தூதுக்குழு அமர்ந்திருக்கும். மறுபக்கத்தில் வேறொரு விண்மீனிலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள். அமைதி உடன்படிக்கை முறிந்துபோயிருக்கும். எல்லையில் முதலில் ஆயுதம் குவித்தது நீங்கள்தான் என்று ஒரு தரப்புக் குற்றஞ்சாட்ட, மறுதரப்புத் தன் பதிவேட்டை எடுத்து நீட்டும். சதியும் உளவும் பொய்ச்சாட்சியும் நிறைந்த முக்கால் மணி நேரத்தின் முடிவில், கூர்மையான அதிகாரி ஒருவர் இரு தரப்பு ஆவணங்களையும் திகதிவாரியாக ஒப்பிட்டு, முதலில் மீறியவர் இன்னார் என்று நிறுவிவிடுவார்.

வேற்றுலக முகங்களையும் ஒளிரும் கப்பல்களையும் கதையின் பொருட்டு ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த இறுதித் தீர்ப்பை ஏற்பது கடினம். ஆவணங்கள் அனைத்தும் உண்மையாக இருந்து, கடிகாரங்கள் அனைத்தும் சரியாக ஓடி, ஒருவரும் பொய் சொல்லாதபோதும், விண்மீன்களிடையே நடந்த இரு செயல்களில் எது முந்தியது என்ற கேள்விக்கு விடையே இல்லாமற் போகக்கூடும் என்பதுதான் பௌதிகவியல் சொல்வது. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். மே மாத இறுதியில், வானம் தெளிந்த இரவொன்றில் 10 மணியளவில், யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கரையில் நின்று கடலேரிக்கு மேலாகத் தெற்கே நோக்கினால், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 20 பாகை உயரத்தில் ஆல்பா சென்டாரி பிரகாசமாகத் தெரியும். அதன் அருகே, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத மங்கலான செங்குறுமீனாக இருப்பது புரொக்சிமா சென்டாரி. சூரியனை விட்டால் நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் இதுவே, தூரம் 4.24 ஒளியாண்டுகள், அதாவது ஒளியே கடக்க 4.24 ஆண்டு எடுக்கும் தூரம். நிலவுக்கு ஒரு வானொலிச் செய்தி சென்றுசேர 1.3 விநாடி போதும். செவ்வாய்க்கு, இரு கோள்களும் நிற்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் வரை எடுக்கும். புரொக்சிமாவுக்கோ நான்கு ஆண்டும் மூன்று மாதமும் வேண்டும். 2022 ஜூலையில் இலங்கையின் ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறிய செய்தியை அந்த வாரமே அங்கு அனுப்பியிருந்தாலும், அது சென்றடையும் காலம் 2026 ஒக்டோபர். இடைப்பட்ட காலத்தில் இங்கு ஆட்சி இரு தடவை கைமாறியிருக்கும். அங்கிருந்து நம்மை உளவு பார்க்கும் ஒருவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், தன் அரசுக்குச் சொல்லக்கூடியது நான்கு ஆண்டுக்கு முந்திய கொழும்பைப் பற்றி மட்டுமே.

தாமதித்து வரும் செய்தியுடன் அரசு நடத்துவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கோவாவுக்குக் கட்டுப்பட்டிருந்தனர். கோவா லிஸ்பனுக்குக் கட்டுப்பட்டிருந்தது. லிஸ்பனிலிருந்து வசந்தகாலத்தில் புறப்படும் கப்பல் பருவக்காற்றைப் பிடித்துக் கோவாவை அடைய ஆறு மாதம் அளவில் ஆகும். பதில் திரும்புவதற்கும் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்க வேண்டும். 1640 டிசம்பர் 1 ஆம் திகதி லிஸ்பனில் ஸ்பானிய மன்னரின் ஆட்சி தூக்கியெறியப்பட்டது. கோவா அதை அறிந்தது 1641 இல்தான். அதுவரை யாழ்ப்பாணக் கோட்டையில் கட்டளைகள் பிறந்தது, லிஸ்பனில் அதிகாரம் இழந்துவிட்ட ஒரு மன்னரின் பெயரால். 1641 ஜூன் 12 ஆம் திகதி ஹேக் நகரில் போர்த்துக்கலும் ஒல்லாந்தும் பத்து ஆண்டுப் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டன. ஆயினும் ஆசியாவில் சண்டை ஓயவில்லை. 1644 ஜனவரியில் ஒல்லாந்தர் நீர்கொழும்புக் கோட்டையைப் பிடித்தனர். அந்த ஆண்டின் இறுதியிலேயே கோவாவில் இணக்கம் ஏற்பட்டது. செய்தி மெதுவாக வந்தது ஒரு காரணம். அந்த மெதுவைத் தமக்கு ஆதாயமாக்கிக்கொள்ளும் விருப்பம் அதைவிடப் பெரிய காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இருந்தும், அந்தக் குழப்பம் வெறும் அறியாமையால் வந்தது. ஹேக்கில் மை காய்ந்தது எந்த நாள், நீர்கொழும்பு வீழ்ந்தது எந்த நாள் என்பதைப் பின்னர் அமர்ந்து ஒப்பிட முடிந்தது. இரண்டுக்கும் பொதுவான ஒரு காலவரிசை இருந்தது. விண்மீன்களிடையே அந்தப் பொதுவான காலவரிசையே கைவிட்டுப் போகிறது.

1905 இல் அல்பேட் ஐன்ஸ்டைன் எழுப்பிய கேள்வி எளிமையானது: வெகு தொலைவிலுள்ள இரு இடங்களில் நடந்த நிகழ்வுகள் ஒரே வேளையில் நடந்தன என்பதை எப்படி அறிவது? இரண்டுக்கும் சரிநடுவே நிற்கும் ஒருவரிடம் இரு நிகழ்வுகளின் ஒளியும் சேர்ந்து வந்தால், அவை ஒரே வேளையில் நடந்தன என்று அவர் சொல்லலாம். அந்த நிகழ்வுகள் பூமியிலும் புரொக்சிமாவிலும் நடக்கும் வேளையில், அதே நடுப்புள்ளியை ஒரு விண்கப்பல் புரொக்சிமாவை நோக்கி விரைந்து கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பலில் இருப்பவர் புரொக்சிமாவிலிருந்து வரும் ஒளியை எதிர்கொண்டு செல்வதால் அதை முன்னதாகச் சந்திப்பார். பூமியின் ஒளி அவரைப் பின்னால் துரத்திவந்து பிந்திச் சேரும். நடுவே நிற்பவர், அது கப்பலின் ஓட்டத்தால் விளைந்தது என்பார். ஆனால் கப்பலில் உள்ளவர் தன்னை அசையாதவராகவே கொள்ள முழு உரிமை உடையவர். ஒளியின் வேகம் அவருக்கும் எல்லாத் திசையிலும் ஒன்றுதான். ஆகவே அவருடைய கணக்கில் புரொக்சிமாவின் நிகழ்வு உண்மையிலேயே முந்தி நடந்தது. இரண்டு கணக்கில் ஒன்றைத் தவறு என்று தள்ளுவதற்கு எந்தச் சோதனையும் இல்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பெருக்கல் போதும். தூரத்தை ஒளியாண்டில் எடுத்து, கப்பலின் வேகம் ஒளிவேகத்தில் எத்தனை பங்கு என்பதால் பெருக்கினால் வேறுபாடு ஆண்டுக்கணக்கில் கிடைக்கும். ஒளியின் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் செல்லும் கப்பலுக்கு, 4.24 ஒளியாண்டுத் தூரத்தில், அது 0.424 ஆண்டு, ஏறத்தாழ ஐந்து மாதம்.

இதை அரசியலுக்குள் கொண்டுவருவோம். பூமியும் புரொக்சிமாவும் ஒன்றுக்கொன்று ஒப்பிடுகையில் மெதுவாகவே நகர்கின்றன என்பதால், இரண்டும் சேர்ந்து ஒரு நாட்காட்டியை வகுத்துக்கொள்ள முடியும். அந்த நாட்காட்டியின்படி பூமி ஒரு நாளில் உடன்படிக்கையை மீறுகிறது. அதை அறியாமலே மூன்று மாதம் கழித்துப் புரொக்சிமாவும் மீறுகிறது. அவ்வேளையில் பூமியின் தூதுக்கப்பல் பத்தில் ஒரு பங்கு ஒளிவேகத்தில் புரொக்சிமாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களுடைய கப்பல் அதே வேகத்தில் பூமியை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. பின்னர் செய்திகள் கிடைத்ததும் இரு தூதர்களும் ஒளி பயணம் செய்த காலத்தைக் கவனமாகக் கழித்து, தத்தம் கடிகாரத்தின்படி கணக்கிடுகிறார்கள். பூமியின் தூதருக்குக் கிடைக்கும் விடை: புரொக்சிமாதான் ஏறத்தாழ இரண்டு மாதம் முந்தி மீறியது. புரொக்சிமாவின் தூதருக்குக் கிடைக்கும் விடை: பூமிதான் எட்டு மாதம் முந்தி மீறியது. ஒவ்வொருவருக்கும் எதிர்த்தரப்பே முதற் குற்றவாளி. ஒவ்வொருவரும் நேர்மையாகக் கணக்கிட்டவர். பொது நாட்காட்டி பூமியைக் குற்றவாளி என்கிறது. ஆனால் அந்த நாட்காட்டியும் ஒரு வசதிக்காக வகுத்துக்கொண்ட ஏற்பாடே தவிர, இயற்கை அதற்கு எந்த மேலுரிமையையும் கொடுக்கவில்லை. எந்தத் திரைக்கதை ஆசிரியரும் கற்பனை செய்யும் சதியைவிட இது எனக்கு ஆழமானதாகப் படுகிறது, ஏனெனில் இங்கு சதிகாரர் என்று ஒருவரும் இல்லை.

இது காகிதத்தில் மட்டும் உயிர்வாழும் கொள்கை என்று எண்ண வேண்டியதில்லை. குருநகரிலிருந்து தொழிலுக்குப் போகும் படகுகளில் உள்ள ஜிபிஎஸ் கருவி ஐன்ஸ்டைனின் இதே சார்புக் கொள்கையை நம்பித்தான் வழிகாட்டுகிறது. செய்மதிகளின் கடிகாரங்கள் அவற்றின் வேகத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மைக்ரோ விநாடி பிந்துகின்றன. உயரத்தில் ஈர்ப்புக் குறைந்திருப்பதால் 45 மைக்ரோ விநாடி முந்துகின்றன. மிஞ்சும் 38 மைக்ரோ விநாடியைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் இடக்கணிப்பு 11 கிலோமீற்றர் அளவுக்குப் பிசகிவிடும்.

தொலைக்காட்சித் தொடர்கள் இந்தச் சிக்கலைத் தாண்டுவதற்கு ஒரு கருவியை வைத்திருக்கின்றன: எவ்வளவு தொலைவிலிருந்தும் தலைநகருடன் உடனுக்குடன் பேச உதவும் தொடர்புச் சாதனம். அது சிக்கலைத் தீர்க்காது, பன்மடங்காக்கும். பூமியிலிருந்து பொது நாட்காட்டியின்படி உடனடியாகப் புரொக்சிமாவுக்கு ஒரு செய்தி போகிறது. அங்கே அதைப் பெறுவது, பூமியிலிருந்து விலகிப் பத்தில் ஒரு பங்கு ஒளிவேகத்தில் செல்லும் ஒரு கப்பல். அது தன் கணக்கின்படி உடனடியாகப் பதில் அனுப்புகிறது. அந்தக் கப்பலின் ‘இப்போது’ பூமியில் ஐந்து மாதம் முந்திய நாள். ஆகவே கேள்வி கேட்பதற்கு ஐந்து மாதம் முன்னரே பதில் வந்துவிடும். துரோகம் நடந்தபின் அனுப்பிய எச்சரிக்கை துரோகத்துக்கு முன்பே கிடைக்கும் உலகில், சதி என்பதற்கோ அதைக் கண்டுபிடிப்பதற்கோ பொருளே இல்லை. ஒளியின் வேகத்தை மீறிச் செய்தி அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடுதான் காரணத்தையும் விளைவையும் வரிசையில் நிறுத்தி வைக்கிறது.

அந்த வரிசை மட்டும் எல்லோருக்கும் பொதுவானது. ஒரு நிகழ்விலிருந்து புறப்பட்ட ஒளி இன்னொரு நிகழ்வுக்கு முன் அந்த இடத்தை வந்தடைந்திருந்தால், எவ்வளவு வேகமாகச் செல்பவரும் முதலாவதையே முந்தியது என்பார். பூமியில் இன்று நடக்கும் ஒரு செயலை எடுத்துக்கொண்டால், பொது நாட்காட்டியில் அதற்கு 4.24 ஆண்டு முன்னும் 4.24 ஆண்டு பின்னுமாக, மொத்தம் எட்டரை ஆண்டு அகலமான ஒரு காலவெளி புரொக்சிமாவில் உண்டு. அதற்குள் அங்கு நடக்கும் எதையும் இயற்கை நம்முடைய செயலுக்கு முன் என்றோ பின் என்றோ வைப்பதில்லை. 1978 இல் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட், பல இடங்களில் பரந்திருக்கும் கணினிகளில் நிகழ்வுகளை வரிசைப்படுத்தும் முறையொன்றை வகுத்தபோது, சார்புக் கொள்கையின் இந்தக் கருத்தையே அடித்தளமாகக் கொண்டார்: கடிகாரத்தை நம்பாதே, எந்தச் செய்தி எதற்கு முன் பெறப்பட்டது என்பதை மட்டும் பார்.

விண்மீன்களிடையே உடன்படிக்கை எழுதுவோரும் அவ்வாறே எழுத வேண்டும். இன்ன திகதிக்குப் பின் ஆயுதம் குவிப்பது மீறல் என்ற வாசகம் அங்கே பயனற்றது. உங்களுடைய இன்ன இலக்கமிட்ட செய்தியைப் பெற்றபின் நாங்கள் இதைச் செய்யமாட்டோம் என்ற வாசகம் எல்லாக் கப்பல்களிலும் ஒரே பொருள் தரும். ஒவ்வொரு அறிக்கையும் அதுவரை தனக்குக் கிடைத்த கடைசிச் செய்தியின் இலக்கத்தைத் தன்னுடன் சுமந்து செல்ல வேண்டும். எட்டரை ஆண்டுக் காலவெளிக்குள் இரு தரப்பும் தனித்தனியே மீறினால், இரண்டையும் சமமான மீறலாகக் கொள்வதைத் தவிர நியாயமான வேறு வழி எனக்குத் தென்படவில்லை. முதற் குற்றவாளி யார் என்று தேடுவதை உடன்படிக்கையே தடுத்துவைக்க வேண்டும்.

நம்பிக்கை எவ்வாறு நிலைக்கும் என்பது கடினமான கேள்வி. 1980 அளவில் அரசியல் அறிஞர் றொபேட் அக்செல்றொட், ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று இரு தரப்பும் சுற்றுக்குச் சுற்று முடிவெடுக்கும் கணினிப் போட்டிகளை நடத்தினார். அவற்றில் வென்றது, அனட்டோல் ரப்பபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல்: முதலில் ஒத்துழை, பின்னர் எதிராளி கடைசியாகச் செய்ததையே திருப்பிச் செய். பதில் விரைவில் வரும் என்ற அச்சமும் எதிர்பார்ப்புமே அந்த உத்தியின் பலம். ஒரு சுற்றுக்கு எட்டரை ஆண்டு ஆகும்போது, இன்று ஏமாற்றும் ஆட்சியாளர் அதன் தண்டனையை அடுத்தவரின் ஆட்சிக்காலத்துக்குத் தள்ளிவிடலாம். சூழ்ச்சி நுழையும் கதவு இதுதான். பிற விண்மீனை ஏமாற்றுவதைவிடத் தன் நாட்டின் அடுத்த ஆட்சியாளரை ஏமாற்றுவதே அங்கு சுலபம்.

அதனால்தான் தூதரின் அதிகாரம் முக்கியமாகிறது. கோவாவிலிருந்த போர்த்துக்கேய அரசப்பிரதிநிதிகள் மன்னரைக் கேளாமலே போர் தொடுக்கவும் சமாதானம் செய்யவும் முடிந்தது. 1560 இல் அவர்களில் ஒருவரான கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா படையுடன் நல்லூருக்கு வந்தபோது லிஸ்பனின் கருத்தைக் கேட்டுப் பதில் பெறுவதற்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். புரொக்சிமாவுக்குப் போகும் தூதருக்கு அதைவிட விரிந்த அதிகாரம் வேண்டும். தாய்நாட்டில் அவரைப் பதவி நீக்கினாலும், அந்த ஆணை அவர் கையில் கிடைப்பதற்கு நான்கு ஆண்டும் மூன்று மாதமும் ஆகும். இடையில் அவர் இட்ட கையெழுத்துகள் செல்லுமா என்ற கேள்வி முதல் ஆட்சிமாற்றத்திலேயே எழும். ஆகவே உடன்படிக்கையின் முதற்பிரிவே இவ்வாறு அமைய வேண்டும்: திரும்ப அழைக்கும் ஆணை தூதரை வந்தடையும் வரை அவர் ஒப்புக்கொண்ட அனைத்தும் அவருடைய அரசைக் கட்டுப்படுத்தும், அந்த ஆணை எந்த நாளில் பிறப்பிக்கப்பட்டது என்பது கணக்கில் எடுக்கப்படமாட்டாது.