குழி தோண்டும் முன் ஒரு சதுரம் கட்டிப் பாருங்கள்

போன வாரமும் மரம் நடும் திட்டக்காரர்களிடமிருந்து ஒரு வரைபடம் வந்தது. ஊட்டிக்கு மேற்கே ஒரு சரிவு. செயற்கைக்கோள் படத்தில் பழுப்பாகத் தெரிந்த இடத்தையெல்லாம் 'சீரழிந்த காடு' என்று குறித்து, எத்தனை கன்று நடலாம் என்று கணக்கும் போட்டிருந்தார்கள். படம் எந்த மாதம் எடுத்தது என்று கேட்டேன். பிப்ரவரியாம். பனியில் கருகிய புல் பிப்ரவரியில் வேறெந்த நிறத்தில் இருக்கும்? இந்த வருடத்தில் இது நாலாவது வரைபடம்.

அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்தியக் காடுகளை வகை பிரிக்க இன்றும் அடிப்படையாக இருப்பது சாம்பியன், சேத் என்ற இரண்டு வனவியலாளர்கள் 1968இல் திருத்தி எழுதிய பட்டியல். அதில் சோலைக்கு, அதாவது மலை மடிப்புகளில் நிற்கும் பசுமைமாறாக் காட்டுக்கு, 11ஏ/சி1 என்று எண். பக்கத்திலேயே இருக்கும் புல்வெளிக்கோ அதே எண்ணின் பின்னால் 'டிஎஸ்' என்று ஒரு வால். சீரழிந்த நிலை என்று அர்த்தம். மரத்தை வெட்டினார்கள், தீ வைத்தார்கள், மாடு மேய்ந்தது, அப்புறம் புல் வந்தது என்பது அன்றைய கணிப்பு. 1993இல் சூழலியலாளர் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புகளில் படிந்த கரிம மண்ணில் கார்பன் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட கார்பன் அணுக்கள்; இங்கத்திய புல்லும் மரமும் விட்டுப்போகும் விகிதம் வேறுவேறு) அளந்து, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் செழித்திருந்ததைக் காட்டினார்கள். அன்றைக்கு இந்த மலையைக் கோடரியால் மொட்டையடித்தது யாராம்? திறந்த சரிவில் இறங்கும் உறைபனி சோலைக் கன்றுகளைக் கொன்றுவிடும். புல் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும். மரம் போனதால் வந்த புல் இல்லை ஐயா, மரம் நிலைக்காத இடத்தில் வாழும் புல்.

சரி, எது எந்த வகை என்று எப்படிப் பிரிப்பது? தாவரங்கள் ஒரே சீராக இருக்கும் இடமாகப் பார்த்துக் கயிற்றால் ஒரு சதுரம் கட்டுங்கள். புல்லுக்கு 2க்கு 2 மீட்டர், சோலைக்கு 20க்கு 20 போதும். சோலை ஓரத்தில் கட்டாதீர்கள், இரண்டும் கலந்து எதற்கும் உதவாத பட்டியல் கிடைக்கும். (மாணவனாக இருந்தபோது ஒரு பருவம் முழுக்க அப்படி வீணடித்தவன் நான்.) உள்ளே இருக்கும் ஒவ்வொரு இனமும் எவ்வளவு தரையை மூடுகிறது என்று ப்ரௌன்-ப்ளாங்கே அளவுகோலில் (தரையை மூடும் பங்குக்கு எண் தரும் முறை) எண் போடுங்கள். முக்கால் பங்குக்கு மேல் என்றால் 5, ஐந்து சதவீதம்கூட இல்லையென்றால் 1. பிறகு அட்டவணையில் சதுரங்களையும் இனங்களையும் இடம் மாற்றி அடுக்கினால், சேர்ந்தே வரும் இனங்கள் ஒரு மூலையில் கூடும். அந்தக் கூட்டம்தான் ஒரு தாவர வகை. கணினி நொடியில் அடுக்கும்தான், பட்டியல் தப்பென்றால் தப்பையே அழகாக அடுக்கும். பூக்காத மாதத்தில் போய் 'புல், பெயர் தெரியவில்லை' என்று பத்து வரி எழுதி வருகிறவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம்.

மேலிருந்து பார்த்தால் சீகையும் (வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம்) சோலையும் ஒரே பச்சை. எனவே பழுப்பை மட்டுமல்ல, பச்சையையும் நடந்து போய்ப் பாருங்கள்.

மழைக்கு முன் நட்டுவிட வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. தயவுசெய்து ஒரு பூக்கும் பருவம் பொறுங்கள். ஏற்கெனவே குழி வெட்டியாகிவிட்டதா? வெட்டிய புல்கட்டி வாடுவதற்குள் அதையே குழியில் வைத்து மிதித்து மூடிவிடுங்கள்.