அண்ணா சாலையின் புகை எண்ணூருக்கு இடம் மாறாதிருக்க: மின்சாரப் பேருந்தும் மின்னேற்றும் நேரமும்

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் சென்னைச் சாலைகளில் ஓடத் தொடங்கின. அடுத்த சில வாரங்களில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து, குளிர்சாதன வசதி கொண்டவையும் சேர்ந்து, இன்னொரு தொகுதி வந்தது. உலக வங்கியின் துணையோடு நடக்கும் இத்திட்டத்தின் முதல் கட்டத்துக்கு மட்டும் திட்டமிடப்பட்டவை 625 பேருந்துகள். பேருந்தும் ஓட்டுநரும் பராமரிப்பும் தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. நடத்துநர், பயணச்சீட்டு, வழித்தடம் ஆகியவை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. பேருந்து ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கழகம் ஒரு தொகையை நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பிறகு மீண்டும் பேச வேண்டியிருக்கும். புகைக் கணக்கின் முடிச்சு ஒன்று அதில்தான் இருக்கிறது.

இந்தப் பேருந்துகளில் புகைக்குழாய் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும் நன்மை. இவை பருவநிலைக்கு எவ்வளவு நன்மை செய்கின்றன என்பதோ பேருந்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதன்று. அதே பேருந்து, அதே வழித்தடம், அதே பயணிகள் என்றாலும், மின்கலத்தை எந்த நேரத்தில் நிரப்பினோம் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடும். இது ஏன் என்று புரிய, முதலில் பேருந்துக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

டீசல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே தள்ளிவிடுகிறது. நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் ஓடும்போது அது தன் உச்சத் திறனான 40 சதவீதத்தை நெருங்கக்கூடும். தேனாம்பேட்டையிலும் ஆயிரம் விளக்கிலும் சிக்னலுக்குச் சிக்னல் நின்று, நிற்கும்போதும் உறுமிக்கொண்டிருக்கும் நகரப் பேருந்துக்கு அந்தத் திறன் ஒருபோதும் கிடைப்பதில்லை. மின்மோட்டார் அப்படியன்று. பேருந்து நிற்கும்போது அது மின்சாரம் எடுப்பதில்லை. நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையையும் தருகிறது. வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றுகிறது.

அதைவிட முக்கியமானது, நிறுத்தத்தை நெருங்கும்போது நடப்பது. பயணிகளோடு 15 டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ கால் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். டீசல் பேருந்தில் பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த ஆற்றல் முழுவதும் உராய்வு வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. மின்சாரப் பேருந்தில் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கும்போது, கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாரை மின்னாக்கியாக இயங்கச் செய்கிறது. சக்கரம் அதைச் சுழற்ற, உண்டாகும் மின்சாரம் மின்கலத்துக்குத் திரும்புகிறது, அந்த இழுவையே பேருந்தின் வேகத்தையும் குறைக்கிறது. மோட்டாரிலும் மின்கலத்திலும் ஏற்படும் இழப்பு போக, கணிசமான ஒரு பங்கு மீள்கிறது. அரை கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று கிளம்பும் நகரப் பேருந்துக்கு இதனால் கிடைக்கும் மிச்சம் பெரிது. நெரிசல் மிகுந்த சாலைகளில்தான் மின்சாரப் பேருந்தின் மேன்மை கூடுதலாக வெளிப்படுகிறது என்பது பலர் நினைப்பதற்கு நேர்மாறானது. உராய்வு பிரேக்கின் வேலை குறைவதால், பிரேக் பட்டைகளிலிருந்து பறக்கும் தூசியும் குறைகிறது. டயர் தேய்ந்து வரும் தூசி மட்டும் அப்படியே இருக்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. குளிர்சாதனம் இல்லாத நகரப் பேருந்து லிட்டருக்கு நான்கு முதல் ஐந்து கிலோமீட்டர் ஓடும் எனக் கொண்டால், கிலோமீட்டருக்குச் சுமார் 0.6 கிலோ. அதே அளவுள்ள, குளிர்சாதனம் இல்லாத மின்சாரப் பேருந்து கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கும். நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் எடுக்கும்போது ஒரு கிலோவை ஒட்டிக் கரியமில வாயு வெளியாகிறது. கம்பிகளிலும் மின்னேற்றியிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். அதாவது, முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் பேருந்து, கரியமில வாயுவைப் பொறுத்தவரை, டீசல் பேருந்தைவிட மோசமானது. நாட்டின் மொத்த மின்உற்பத்தியின் சராசரியை, அதாவது யூனிட்டுக்கு 0.7 கிலோவைச் சற்றுத் தாண்டிய அளவை, எடுத்துக்கொண்டாலும், டீசலைச் சுத்திகரித்துக் கொண்டுவருவதில் வெளியாகும் கரியமில வாயுவையும் மறுபக்கம் சேர்த்துப் பார்த்தால், இரண்டும் ஏறக்குறைய சமமாகவே நிற்கின்றன. சூரிய மின்சாரமோ காற்றாலை மின்சாரமோ என்றால், ஓட்டத்தால் வரும் உமிழ்வு அநேகமாக இல்லை. டீசல் பேருந்தே போதும் என்பதற்கு இது வாதமாகாது. சாலையோரத்தில் நிற்பவரின் மூச்சுக்காற்று தூய்மையாவது எந்த மின்சாரத்திலும் உறுதி. நெரிசலான தெருவில் மூக்குக்கு நேராக வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடும் நுண்துகளும் இல்லாமற்போவது சிறிய நன்மையன்று. ஆனால் பருவநிலைக்காக என்று சொல்லி மக்கள் பணத்தைச் செலவிடும்போது, அந்த நன்மை தானாக வந்துவிடும் என்று எண்ணுவது தவறு.

பேருந்துக்கு வரும் மின்சாரம் எந்த நிலையத்திலிருந்து வருகிறது? பூண்டி நீர்த்தேக்கத்தில் கண்டலேறு கால்வாய் வழி வந்த கிருஷ்ணா நீரையும் கொசஸ்தலை ஆற்றின் மழைநீரையும் பிரித்துக் காட்ட முடியாதது போலவே, மின்தொகுப்பில் கலந்துவிட்ட மின்சாரத்தைப் பிரித்துக் காட்ட முடியாது. ஆகவே கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டும். இந்த நேரத்தில் கூடுதலாக ஒரு யூனிட் கேட்டால், எந்த நிலையம் தன் உற்பத்தியைக் கூட்டிக் கொடுக்கிறது? இரவு எட்டு மணிக்குச் சூரியன் இல்லை. வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் குளிர்சாதனமும் சேர்ந்து இயங்குகின்றன. அப்போது கூடுதல் தேவையைப் பெரும்பாலும் அனல்மின் நிலையங்களே ஏற்கின்றன. நண்பகலில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் சூரிய மின்நிலையங்களின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டையும் காற்றாலைகளின் நிறுவுதிறன் 11,000 மெகாவாட்டையும் கடந்துவிட்டன. மாநிலத்தின் உச்சத் தேவையே 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், இவற்றின் அளவு புரியும்.

இங்கே அனல்மின் நிலையத்தின் இயல்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். கொதிகலனை நினைத்த நேரத்தில் அணைத்து, நினைத்த நேரத்தில் மூட்டிவிட முடியாது. குளிர்ந்த கொதிகலனை மீண்டும் சூடாக்கி முழு உற்பத்திக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். அடிக்கடி அப்படிச் செய்தால் குழாய்களின் ஆயுளும் குறையும். மாலைத் தேவைக்கு அந்த நிலையம் வேண்டும் என்பதால், நண்பகலிலும் அதைக் குறைந்த சுமையில் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இந்தக் குறைந்தபட்சச் சுமையை முழுத்திறனில் 55 சதவீதமாக இறக்க வேண்டும் என்பது ஒன்றிய மின்சார ஆணையத்தின் விதி. அதற்குக் கீழே போக முடியாத நேரங்களில், வெயிலும் காற்றும் தாராளமாக இருந்தும், சூரிய மின்நிலையங்களையும் காற்றாலைகளையும் உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறார்கள். அந்த வேளையில் ஒரு பேருந்தை மின்னேற்றியில் இணைத்தால், வீணாகப் போயிருக்கும் மின்சாரம் மின்கலத்துக்குள் போகிறது. அதே பேருந்தை இரவு எட்டு மணிக்கு இணைத்தால், எங்கோ ஒரு கொதிகலனில் கூடுதலாக நிலக்கரி விழுகிறது.

அந்த 'எங்கோ' சென்னைக்கு வெளியே இல்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. எண்ணூரை அடுத்த அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையம், 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட 800 மெகாவாட் அலகையும் சேர்த்து, நகரின் வடக்கு எல்லையை ஒட்டி நிற்கிறது. 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் அருகிலேயே இருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் சாம்பல் படிந்ததால் மீனவர்களின் வாழ்வு எப்படிச் சிதைந்தது என்பது நெடுங்காலமாகப் பேசப்பட்டு வரும் துயரம். அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு 2015 இல் வகுத்த வரம்பு, காலக்கெடு பலமுறை தள்ளிப்போடப்பட்டு, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்குத் தளர்த்தப்பட்டும் விட்டது. அண்ணா சாலையில் நடப்பவரின் நுரையீரலைக் காக்க எண்ணூரில் வாழ்பவரின் நுரையீரல் விலை கொடுக்க வேண்டும் என்றால், அதைத் தூய போக்குவரத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நல்வாய்ப்பாக, நகரப் பேருந்தின் நாளும் சூரியனின் நாளும் பொருந்திப் போகக்கூடியவை. காலை எட்டு முதல் பதினொன்று வரையும், மாலை ஐந்து முதல் எட்டு வரையும்தான் கூட்டம் நெருக்குகிறது. நடுப்பகலில் தேவை தணிகிறது. ஓட்டுநர், நடத்துநர் பணிமாற்றமும் அந்த வேளையை ஒட்டித்தான் வருகிறது. ஒரு பேருந்து நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால் அதற்கு 200 யூனிட் வேண்டும். 120 கிலோவாட் வேகத்தில் ஒரு மணி நேரம் மின்னேற்றினால் 120 யூனிட் கிடைக்கும். நண்பகலில் முறைவைத்து ஒவ்வொரு பேருந்தையும் ஒரு மணி நேரம் நிறுத்த முடிந்தால், நாளின் பாதித் தேவைக்கு மேல் சூரிய நேரத்திலேயே தீர்ந்துவிடும். எஞ்சியதை நள்ளிரவுக்குப் பின், தேவை தணிந்த நேரத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

பணிமனைக் கூரைகளில் சூரியத் தகடு பதித்தாலே போதுமே என்று சிலர் சொல்கிறார்கள். பதிக்க வேண்டியதுதான். ஆனால் 120 பேருந்துகளுக்கு நாளொன்றுக்கு 24,000 யூனிட் தேவை. ஒரு கிலோவாட் தகடு நாளைக்குச் சுமார் நான்கு யூனிட் தரும் என்றால் 6,000 கிலோவாட் வேண்டும். அதற்கு ஏறத்தாழ 15 ஏக்கர் கூரை வேண்டும். நகரத்துக்குள் இருக்கும் பணிமனை எதுவும் இந்த அளவுக் கூரையைத் தராது. கூரை மின்சாரம் ஒரு பங்கைத் தரும். மற்றது தொகுப்பிலிருந்துதான் வர வேண்டும், ஆகவே நேரம்தான் முக்கியம்.

நண்பகல் மின்னேற்றத்தில் உண்மையான சிக்கல்களும் இருக்கின்றன. அக்னி நட்சத்திர வெயிலில் சூடேறி வந்த மின்கலத்துக்குள் வேகமாக மின்சாரத்தைச் செலுத்தினால் அது மேலும் சூடாகும். சூடு மின்கலத்தின் ஆயுளைத் தின்னும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை மின்கலங்கள் வெப்பத்தை ஓரளவு நன்றாகத் தாங்கும் என்றாலும், குளிர்விக்கும் திரவம் சுற்றிவரும் அமைப்பும், வெயில் படாத கொட்டகையும் இன்றியமையாதவை. 80 சதவீதத்துக்கு மேல் மின்னேற்றும் வேகம் தானாகவே குறைந்துவிடும் என்பதால், நண்பகலில் முழுவதும் நிரப்ப முயல்வது வீண். இன்னொரு சிக்கல், பயணிகள் இல்லாமல் பணிமனைக்குப் போய்த் திரும்பும் வெற்று ஓட்டம். பிராட்வே, கோயம்பேடு, கிளாம்பாக்கம் போன்ற முனையங்களிலேயே மின்னேற்றிகளை அமைத்தால் இதைப் பெரிதும் தவிர்க்கலாம். வியாசர்பாடி போன்ற தாழ்வான பகுதிகளில் மின்மாற்றிகளையும் மின்னேற்றிகளையும் வடகிழக்குப் பருவமழை வெள்ளத்துக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது முடிச்சுக்கு வருவோம். ஓடும் கிலோமீட்டருக்குப் பணம் என்னும் ஒப்பந்தத்தில், மதியம் மின்னேற்றியில் நிற்கும் பேருந்து எதையும் சம்பாதிப்பதில்லை. நிறுவனத்தின் நோக்கில், பகல் முழுக்க ஓட்டிவிட்டு இரவில் மொத்தமாக மின்னேற்றுவதே எளிது. பகலில் நிறுத்துவதானால் மின்னேற்றிகள் கூடுதலாக வேண்டும், சில பேருந்துகளும் கூடுதலாக வேண்டும். அதற்கான செலவை யாராவது ஏற்க வேண்டும். மின்கட்டணமும் நெடுங்காலம் பழைய உலகத்துக்காக எழுதப்பட்டிருந்தது: உயர் அழுத்தத் தொழிற்சாலை நுகர்வோருக்குக் காலையிலும் மாலையிலும் உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல், இரவு பத்து முதல் காலை ஐந்து வரை 5 சதவீதச் சலுகை. சூரிய மின்சாரம் இல்லாத காலத்தில் இரவே தேவை குறைந்த நேரம். அன்றைக்கு அது சரி. 2023 ஜூனில் ஒன்றிய அரசு திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய நேரக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்று திசையை மாற்றின. இந்தக் குறைப்பு முழுமையாகப் பேருந்துப் பணிமனையின் மின்கட்டண ரசீதுக்கு வந்து சேர்ந்தால், நண்பகல் மின்னேற்றத்தின் கூடுதல் செலவில் ஒரு பகுதியை அதுவே ஈடுகட்டும். மீதியை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்: ஓடிய தொலைவோடு, எந்த நேரத்தில் எத்தனை யூனிட் ஏற்றப்பட்டது என்பதையும் கணக்கில் எடுத்து, சூரிய நேர யூனிட்டுக்கு ஊக்கத்தொகையும் மாலை உச்ச நேர யூனிட்டுக்குப் பிடித்தமும் வைக்கலாம். மின்னேற்றிகள் ஒவ்வொரு யூனிட்டையும் நேரத்தோடு பதிவுசெய்கின்றன. தரவு ஏற்கெனவே இருக்கிறது.

ஆண்டு முழுவதற்கும் ஒரே அட்டவணை பொருந்தாது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்கள் வழியே வீசும் மே முதல் செப்டம்பர் வரை, இரவிலும் காற்றாலை மின்சாரம் ஏராளமாக இருக்கும். அம்மாதங்களில் நள்ளிரவு மின்னேற்றம் குற்றமன்று. காற்று அடங்கிய ஜனவரி, பிப்ரவரியில் நண்பகலே சிறந்த நேரம். கடினமானது நவம்பர்: காற்றும் இல்லை, வானமும் மூடிக்கிடக்கும். அந்த வாரங்களில், மின்சாரம் மிகும்போது நீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் கடம்பாறை போன்ற நீரேற்று நிலையங்களும், தொகுப்போடு இணைக்கப்படும் பெரிய மின்கலங்களும் வளரும் வரை, பேருந்துகளின் ஒரு பங்கு நிலக்கரியில்தான் ஓடும். தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகம் அடுத்த நாளின் சூரிய, காற்று மின்உற்பத்தியை முன்கூட்டியே மதிப்பிட்டுத்தான் திட்டமிடுகிறது. அந்த மதிப்பீட்டை முந்தைய மாலையே பணிமனைக்கு அனுப்பி, மறுநாளின் மின்னேற்ற முறைவரிசையை அதற்கேற்ப மாற்றும் ஏற்பாட்டுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. அடுத்த கட்டப் பேருந்துகளுக்கான ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் அதற்கு ஒரு விதி வேண்டும்.