இவ்ளோ இரைச்சலுக்கு நடுவுல வார்த்தை எப்படி காதுல விழுது?

எண்டர் ஷிகாரிங்கற பிரிட்டிஷ் ராக் பேண்டோட 'எ ஃப்ளாஷ் ஃப்ளட் ஆஃப் கலர்' ஆல்பத்தைப் போட்டதும் வால்யூமை ஏத்தத் தோணும், ஏன்னா ஆரம்பத்துல பாடகர் ரூ ரெனால்ட்ஸ் பாடறதே இல்ல, கதை சொல்ற மாதிரி பேசிட்டிருப்பாரு. கடலோரம் செங்குத்துப் பாறை உச்சியில ஒரு வீடு, கீழ அலை அரிச்சுக்கிட்டே இருக்கு, விழப்போகுதுன்னு நல்லாவே தெரியுது, ஆனா அதுல பணத்தைப் போட்டவங்க காதுல எதுவும் ஏறல. 2008 பொருளாதார சரிவுக்கு அப்புறம் வேலை தேட ஆரம்பிச்ச ஒரு தலைமுறைக்கு அந்த வீடு எதுன்னு யாரும் விளக்க வேணாம். அடுத்த ட்ராக்ல கிடார், ட்ரம்ஸ், சிந்த்-ங்கற எலக்ட்ரானிக் கீபோர்டு எல்லாம் சேர்ந்து மேல விழும்.

இவங்க லண்டனுக்கு வடக்க செயிண்ட் ஆல்பன்ஸ் ஊர்க்காரங்க, நாலு பேர். 2011-ல தாய்லாந்துல ரெக்கார்ட் பண்ணி 2012 ஜனவரில ஆல்பத்தை விட்டாங்க, பிரிட்டன் சார்ட்ல 4-வது இடத்துக்குப் போச்சு. ஆயுத வியாபாரம், எண்ணெய், காலநிலைன்னு ஒவ்வொரு பாட்டும் ஏதோ ஒண்ணைப் பிடிச்சு உலுக்குது. அப்படி சொல்றதுக்கு இவ்ளோ விஷயம் வெச்சிருக்கறவங்க, வார்த்தைய முழுங்கற மாதிரியான ஒரு இசைய ஏன் எடுத்தாங்க, அதுல வார்த்தை எப்படி தப்பிக்குதுங்கறது தான் என்னைய ரொம்ப நாளா பிடிச்சு வெச்சிருக்கற கேள்வி.

கிடார்ல இருந்து ஆரம்பிக்கலாம். இவங்க இசையோட ஒரு பக்கம் மெட்டல்கோர், அதாவது ஹார்ட்கோர் பங்க்கும் ஹெவி மெட்டலும் கலந்தது. அதுல கடைசி தடிமனான கம்பிய வழக்கத்தை விட தளர்த்தி வெப்பாங்க, ட்ராப் டி-ன்னு சொல்ற ட்யூனிங்ல அது நொடிக்கு 73 தடவை அதிரும். அந்த சிக்னலை ஆம்ப் தாங்கற அளவுக்கு மேல தள்ளும்போது அலையோட உச்சி தட்டையா வெட்டுப்படுது, அது தான் டிஸ்டார்ஷன். வெட்டுப்பட்ட அலைக்குள்ள 73 மட்டும் இருக்காது, 147, 220, 294-ன்னு அடுக்கடுக்கா அதோட மடங்கு அதிர்வுகள், அதாவது ஹார்மோனிக்ஸ், நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வரைக்கும் மேல ஏறிக்கிட்டே போகும். ஒத்தக் கம்பி ஒரு சுவராயிடுது.

இதுல ரொம்ப அழகான ஒரு விஷயம் இருக்கு. அந்த 73 கூட 110-ஐ சேர்த்து வாசிச்சா, அதாவது பவர் கார்டு, நம்ம பாஷைல ச-வும் ப-வும், டிஸ்டார்ஷன் அந்த ரெண்டையும் தனித்தனியா விடாது, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் புதுசா ஒரு சுரமா உண்டாக்கும். 110-ல 73 போனா 37. அது அதே ச தான், ஒரு ஸ்தாயி கீழ! யாருமே வாசிக்காத ஒரு சுரம் அடியில வந்து உக்காருது. இதுவே ச-வும் க-வும் சேர்த்து வாசிச்சா வித்தியாசம் 19 பக்கத்துல வரும், புதுசா முளைக்கற மத்த சுரங்களும் ஒண்ணோட ஒண்ணு நெருங்கி உரசும், மொத்தமும் சேறாயிடும். கனமான ரிஃப்ல, அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிடார் துண்டுல, எல்லாரும் பவர் கார்டையே பிடிச்சுக்கிட்டு இருக்கறதுக்கு முக்கியமான காரணம் இந்தக் கணக்கு தான்.

சிந்த் பக்கம் வந்தா, இவங்க ட்ரான்ஸ், டப்ஸ்டெப்னு ரெண்டு எலக்ட்ரானிக் நடன இசைல இருந்து எடுத்தாங்க. டப்ஸ்டெப் தெற்கு லண்டன் க்ராய்டன் பக்கம் 2000-கள் ஆரம்பத்துல உருவானது, நிமிஷத்துக்கு சுமார் 140 பீட். ஆனா ட்ரம்ஸ்ல சுருக்குன்னு வெடிக்கற ஸ்நேர் அடி, நாலு பீட்ல மூணாவதுல மட்டும் விழறதால 70 மாதிரி தான் உடம்புக்குத் தெரியும். மெட்டல்கோர்ல ப்ரேக்டவுன்னு ஒண்ணு வரும், அங்கயும் இதே வித்தை, வேகத்த விடாம வெச்சுக்கிட்டு அடிய மட்டும் பாதியாக்கறது. ரெண்டு தனித்தனி உலகம் ஏற்கனவே ஒரே மாதிரி நடந்துக்கிட்டு இருந்துச்சு, சேர்த்து வெச்சப்ப தையல் தெரியாம போனதுக்கு இது பெரிய காரணம்னு நினைக்கறேன்.

அந்த "வவ் வவ்"னு ஆடற பேஸ் இருக்கே, அதுல லோ பாஸ் ஃபில்டர்னு ஒண்ணு மேல் அதிர்வுகளை அடைச்சு அடைச்சு திறக்குது, எவ்ளோ வேகமா திறந்து மூடணும்னு எல்.எஃப்.ஓ-ங்கற மெதுவான இன்னொரு அலை சொல்லுது. 140 வேகத்துல பீட்டுக்கு ரெண்டு தடவை திறந்தா நொடிக்கு 4.7 தடவை. மனுஷங்க பேசறப்ப குரலோட ஏத்த இறக்கமும் நொடிக்கு கிட்டத்தட்ட 4, 5 தடவை தான், நம்ம வாயும் தொண்டைல வர்ற சத்தத்த திறந்து மூடற ஒரு ஃபில்டர் தான். அதனால தான் அந்த மெஷின் ஏதோ பேச வர்ற மாதிரியே இருக்கும்.

சரி, இப்போ சுவர் இருக்கு, ஆடற பேஸ் இருக்கு, இதுக்குள்ள குரல் வேற. நம்ம உள்காதுல சுருண்டு கிடக்கற நத்தை மாதிரியான குழாய நீட்டினா சுமார் 35 மில்லிமீட்டர். வாசல்ல கீச்சு சத்தத்துக்கான இடம், உள்ள கடைசில தடிச்ச சத்தத்துக்கான இடம். தடிச்ச சத்தம் உள்ள போகணும்னா வாசலைத் தாண்டித்தான் போகணும், போற வழில கீச்சு சத்தத்துக்கான இடத்தையும் ஆட்டிட்டுப் போகும். அதான் பலமான கீழ் சத்தம் மேல் சத்தத்த மறைக்குது. மெய்யெழுத்தோட அடையாளமெல்லாம் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல நிறைய இருக்கு, அது மறைஞ்சா கால், பால், சால், வால் எல்லாம் வெறும் "ஆல்" தான். உயிரெழுத்து மட்டும் மிஞ்சும், அர்த்தம் போயிடும்.

கத்தறது இதுக்கு பாதி தீர்வு. அந்தக் கத்தல்ல குரல்நாணுக்கு மேல இருக்கற போலி குரல்நாண் மடிப்புகளும் சேர்ந்து ஒழுங்கில்லாம அதிரும், ரஷ்யாவுல இருக்கற துவா பகுதியோட கர்கிரா-ங்கற தொண்டைப் பாட்டுல அதே மடிப்பு ஒழுங்கா, குரல்நாணோட பாதி வேகத்துல அதிரும். ஒழுங்கில்லாத அதிர்வு மேல் அலைவரிசை பூரா சிதறறதால கிடாரைக் கிழிச்சுட்டு வெளிய வரும், கோபம் கண்டிப்பா வந்து சேரும், ஆனா வாக்கியம் வந்து சேராது.

வாக்கியத்தக் காப்பாத்தறது இடைவெளி. நிக்காம ஓடற மிக்ஸி சத்தத்துல பேசறவங்கள புரிஞ்சுக்கறத விட, விட்டு விட்டு வர்ற சத்தத்துல புரிஞ்சுக்கறது சுலபம், மூளை அந்த சின்னச் சின்ன சந்துல துண்டு துண்டா பொறுக்கி முழு வார்த்தையா ஒட்டிக்குது. இது நல்லா ஆராய்ஞ்சு பார்த்த விஷயம். உள்ளங்கையால கம்பிய அமுக்கி "ஜக்... ஜக் ஜக்..."னு வெட்டி வெட்டி வாசிக்கற ரிஃப்ல அந்த சந்து தானா கிடைச்சிடுது. மிக்ஸ் பண்றவங்களும் கிடாரோட 2000-லேர்ந்து 4000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கொஞ்சம் குறைச்சு, குரல் வர்றப்ப மட்டும் மத்தத அமுக்கற மாதிரி கம்ப்ரஸரையும் வெச்சா, கேக்கறவங்களுக்குத் தெரியாமலே கதவு திறந்துக்கும்.

'ஆர்க்யூயிங் வித் தெர்மாமீட்டர்ஸ்' பாட்டுக்கு இதெல்லாம் ரொம்ப முக்கியம், ஏன்னா அது சொல்றது ஒரு வாதம்: எண்ணெய் எரிச்சதால ஆர்க்டிக் பனி உருகுது, உருகின இடத்துல எண்ணெய் எடுக்க ஓடறாங்க. வாதத்துல ஒரு கண்ணி காதுல விழலன்னா மொத்தமும் அறுந்துடும். ஆல்பம் வந்த அதே வருஷம் செப்டம்பர்ல ஆர்க்டிக் கடல் பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு சுருங்குச்சு, சாட்டிலைட்ல அளக்க ஆரம்பிச்சதுல இருந்து அதுவரைக்கும் அவ்ளோ குறைஞ்சதே இல்ல.

'ஸ்டேல்மேட்'ல சுவரே இல்ல, அமைதியான பாட்டு, போர்ல லாபம் பாக்கறவங்களப் பத்தி. 'காந்தி மேட், காந்தி'ல ரூ ரெனால்ட்ஸ் பேச ஆரம்பிச்சு, கோபம் ஏறி ஏறி கத்தலா மாறி உச்சிக்குப் போறப்ப, கூட இருக்கறவங்க குறுக்க வந்து காந்திய ஞாபகப்படுத்தி அவரை அமைதிப்படுத்தறாங்க. பெரிய சத்தம் நின்னப்புறம் சின்ன சத்தத்த முழுசா பிடிக்க காதுக்கு 0.1, 0.2 நொடி ஆகும். அந்த இடம் வரும்போது வால்யூமைத் தொடாம அப்படியே விடுங்க, காது மெதுவா திறந்துக்கறது தெரியும், அந்தப் பேர் ஒரு எழுத்து விடாம கேக்கும்.