தோட்டா உள்ளே இறங்கினால் போதுமா?

ஓஹையோவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த மாதமும் ஒருவர் வந்தார். இங்கே குடியேறிய நம்மவர்தான். கையில் ஐவர் ஜான்சன் என்ற கம்பெனி செய்த .32 ரிவால்வர், குழலை முன்பக்கமாக மடக்கித் திறக்கும் பழைய ரகம். துப்பாக்கிச் சந்தையில் மலிவாகக் கிடைத்ததாம். "ஒரு பெட்டி தோட்டா சுட்டேன் அண்ணா, இப்ப லேசா ஆடுது. டைட் பண்ணிக் குடுங்க" என்றார்.

டைட் பண்ணத் திருகு எதுவும் தளரவில்லை. கீல் தேய்ந்துவிட்டது, குழலைச் சட்டத்தோடு பூட்டும் கொக்கியும் போய்விட்டது. அது கருமருந்துக் காலத்துத் துப்பாக்கி. அவர் சுட்டது நேற்றுக் கடையில் வாங்கிய தோட்டா. ஏன் சுட்டீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் அதே பதில்: "கரெக்டா உள்ள இறங்குச்சே!"

இறங்கத்தான் செய்யும். .32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) என்ற தோட்டா 1870களில் வந்தது. அன்றைக்கு இருந்த நீளம், அகலம்தான் இன்றைக்கும். மாறியது உள்ளே இருக்கும் வெடிமருந்து. அன்று கருமருந்து, இன்று புகையில்லா மருந்து. கருமருந்தின் அழுத்தம் தள்ளுவது மாதிரி வரும், இது அறைவது மாதிரி வரும். அறையில், அதாவது சிலிண்டரில் தோட்டா போடும் துளையில், அது உட்காருவது அளவைப் பற்றிய செய்தி. இரும்பு எதைத் தாங்கும் என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. கம்பெனிகள் பழைய துப்பாக்கிகளை மனதில் வைத்து இந்தத் தோட்டாவை மிதமாகத்தான் நிரப்புகின்றன என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான். ஆனால் அந்த மிதம் புகையில்லா மருந்துக்கென்று செய்து, இன்னும் நல்ல நிலையில் இருக்கும் ரிவால்வருக்கு. நூறு வருஷம் யார் யாரோ திறந்து மூடிய கீலுக்கு அல்ல.

இதைவிட மோசமும் உண்டு. .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், 1984-இல் வந்த .32 எச் அண்ட் ஆர் மேக்னம், அதற்கும் பின்னால் வந்த .327 ஃபெடரல் மேக்னம் எல்லாம் ஒரே தடிமன்தான், ஒன்றைவிட ஒன்று நீளம். அறைக்குள் சரியான இடத்தில் துளையைக் குறுக்கும் ஒரு படி இருந்தால் நீளமானது நுழையாது. பழைய மலிவு ரிவால்வர்கள் பலவற்றில் அந்தப் படியே கிடையாது, நேராகத் துளைத்து விட்டிருப்பார்கள். சிலிண்டர் நீளம் இடம் கொடுத்தால் தவறான தோட்டாவும் "கரெக்டா" இறங்கிவிடும். .327-க்கு அனுமதித்த அழுத்தம் 45,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 45,000 பவுண்டு). அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. குழலில் '.38 எஸ் அண்ட் டபிள்யூ' என்று பொறித்திருந்தால் அது தோட்டாவின் பெயர். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்த துப்பாக்கி என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுத்து வருகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல! .38 ஸ்பெஷல் என்பதும் வேறு தோட்டா.

ஐவர் ஜான்சன் மட்டமான கம்பெனி என்று நான் சொல்லவில்லை. மாசசூசெட்ஸில் இருந்த கம்பெனி, சைக்கிளும் செய்தது. ரிவால்வரின் பின்பக்கம் தோட்டாவை வெடிக்கவைக்கும் பாகத்துக்கும் சுத்தியல் என்றுதான் பெயர்; அதை நிஜச் சுத்தியலால் அடித்தாலும் வெடிக்காது என்று விளம்பரம் செய்தார்கள், அதில் உண்மையும் இருந்தது. அந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டை ரூகர் கம்பெனி தன் ரிவால்வர்களில் கொண்டுவந்தது 1973-இல்தான். ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன், ஹாப்கின்ஸ் அண்ட் ஆலன் செய்தவையும் அவற்றின் காலத்தில் ஏழைக்கு ஏற்ற நல்ல சாமான்கள்தான். என் கோபமெல்லாம் விற்கிறவர் மேல்.

அவர் இரண்டு விஷயத்தை ஒரே மூச்சில் சொல்வார்: "இது ஆன்டிக், காகிதமே வேண்டாம்", "அருமையா சுடும்". அமெரிக்க மத்திய சட்டப்படி ஆன்டிக் என்றால் 1898-லோ அதற்கு முன்போ செய்தது. ஐவர் ஜான்சன் மடக்கு ரிவால்வர்களைப் புகையில்லா மருந்துக்கென்று செய்யத் தொடங்கியது 1909 வாக்கில். அப்படியானால் ஆன்டிக்காக இருந்தால் கருமருந்துத் துப்பாக்கி. புதுத் தோட்டாவுக்கானதாக இருந்தால் ஆன்டிக் இல்லை, மற்ற கைத்துப்பாக்கிகளுக்கான விதியெல்லாம் இதற்கும் உண்டு. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். உங்கள் மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஐவர் ஜான்சனில் உள்ளே தட்டையான பட்டை ஸ்பிரிங் இருந்தால் பழையது, சுருள் ஸ்பிரிங் என்றால் பிந்தையது. இந்த அடையாளத்தை மற்றக் கம்பெனிகளுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். கழற்ற மாட்டேன் என்கிறாரா? சரி, நடையைக் கட்டுங்கள்.

கையில் எடுத்ததும் முதல் வேலை, திறந்து காலியா என்று பார்ப்பது. விற்கிறவர் பார்த்துவிட்டேன் என்றாலும் நீங்களும் பாருங்கள். அப்புறம் மூடி, குழலைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். கொக்கியில் ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். சுத்தியலை மெதுவாக இழுத்து நிறுத்தி, ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராக வந்து நிற்கிறதா என்று பாருங்கள். நேராக வராவிட்டால் ஈயச் சீவல் பக்கவாட்டில் தெறிக்கும், பக்கத்தில் நிற்பவர் முகத்தில் படும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி 0.012 அங்குலத்தைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் சமையலறைக் கத்தியோடு யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வெறுமனே விசையை இழுத்து விளையாடாதீர்கள், பட்டை ஸ்பிரிங் ஒடியும். சினிமாவில் போல ஒரு கையால் உதறி மூடவும் கூடாது. ஒடிந்தால் பாகம் கிடைப்பது கஷ்டம். கையால் ராவிச் செய்ய வேண்டும், துப்பாக்கி விலையைவிட என் கூலி அதிகமாகும்.

தாத்தா வைத்திருந்தது, ஆசையாக இருக்கிறது என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். குண்டு போடாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். சுட்டே பார்க்க வேண்டும் என்றால், தயவுசெய்து, முதல் தோட்டாவைப் போடுவதற்கு முன்னால் ஒரு தரம் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள்.