பல்நோக்கு அல்ல, பல்பயன்

உலக வேளாண் வர்த்தகம் பற்றிய கட்டுரைகளில் ‘பல்நோக்கு வேளாண்மை’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. நேற்றும் ஒன்றில் பார்த்தேன். ஆங்கிலத்தில் மல்டிஃபங்ஷனாலிட்டி, அதாவது வேளாண்மை விளைச்சலோடு வேறு பயன்களையும் தருவது என்ற கருத்துக்கு, இதைத் தமிழாக எழுதுகிறார்கள். தவறு.

வேர் எளிது: லத்தீனில் ‘முல்ட்டுஸ்’ பல, ‘ஃபுங்க்டியோ’ பணியை நிறைவேற்றுதல். 1992இல் ரியோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டு ஆவணத்தில் இது வேளாண்மையோடு சேர்ந்து வந்தது. நெல்வயல் நெல்லை மட்டும் தருவதில்லை. மழைநீரைத் தேக்கி வெள்ளத்தைத் தணிக்கிறது, நிலத்தடி நீரைப் பெருக்குகிறது, பறவைக்கும் பூச்சிக்கும் இடம் கொடுக்கிறது. நெல்லுக்கு விலை உண்டு. மற்றவற்றுக்குச் சந்தையில் யாரும் காசு தருவதில்லை.

சரி, இதில் ‘நோக்கு’ எங்கிருந்து வந்தது? பல்நோக்கு அணை என்றால் பொருந்தும். பாசனம், மின்சாரம் இரண்டையும் மனத்தில் வைத்தே அதைக் கட்டுகிறார்கள். வெள்ளத்தைத் தடுக்கவா உழவர் நாற்று நடுகிறார்? அவர் நோக்கம் விளைச்சல். மற்றவை கூடவே வருபவை, ஆட்டை வளர்த்தால் இறைச்சியோடு கம்பளியும் வருவது போல. அந்தக் ‘கூடவே’தான் இந்தக் கருத்தின் உயிர்.

இது வெறும் சொல் சண்டையும் அல்ல. ஜப்பான், தென்கொரியா, நார்வே, சுவிட்சர்லாந்து, ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் இந்தப் பயன்களைக் காட்டித்தான் உள்நாட்டு உழவரைக் காக்க இறக்குமதி மீது போடும் காப்பு வரிக்கும் மானியத்துக்கும் நியாயம் கேட்டன. ஜப்பான் 1999இல் தன் வேளாண் அடிப்படைச் சட்டத்திலேயே இதை எழுதிவைத்தது. வேளாண் பொருளை ஏற்றுமதி செய்யும் ஆஸ்திரேலியா முதலான கெய்ர்ன்ஸ் குழு நாடுகளோ, சந்தையை அடைத்துவைக்க இது ஒரு போர்வை என்று உள்நோக்கம் கற்பித்தன. பயன்கள் கூடவே வருபவையா, உள்நோக்கத்துக்குப் போர்வையா என்ற இந்த வழக்கில் ‘பல்நோக்கு’ என்று பெயர் வைப்பது, விசாரணைக்கு முன்பே ஒரு தரப்புக்குத் தலையாட்டுவது. மொழிபெயர்ப்பாளருக்கு அந்த உரிமை கிடையாது.

மாற்றாக என்ன எழுதலாம்? ‘பன்முகத்தன்மை’ பலவகை உயிர், பலவகைப் பயிர் என்ற பொருளுக்குப் போய்விட்டது. ‘பல்செயல்பாடு’ சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் படிப்பவர் ஆடு, மாடு, கோழி சேர்த்து வளர்ப்பதையே நினைப்பார்.

நான் எழுதுவது ‘பல்பயன்மை’. ‘பற்பயன்’ என்றல்லவா வரவேண்டும் என்போர் நன்னூலைப் பார்க்கலாம்: பல என்பது தன்னோடு தானே சேரும்போதுதான் பற்பல, பிற சொல் வந்தால் பல்கலை போல நிற்கும்.

அப்புறம், காப்பு வரிக் கொள்கையை ‘வேளாண் பாதுகாப்பு’ என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். படிப்பவருக்குப் பூச்சிமருந்துதான் நினைவுக்கு வரும்.